உறவினரை டீ குடிக்க அனுப்பிவைத்த தைலம்மாள் அவர்களுக்கு

பெண்கள் புற்றுநோய்ப் பிரிவின் பெருந்துணையே, முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காத தலைமைச் செவிலியரே, வடக்கனந்தல் ஊர் பெற்றுக் கள்ளக்குறிச்சிக்குக் கொடுத்த தைலம்மா சிஸ்டரே, வணக்கம்!

தாங்கள் பெற்ற சான்றிதழ்களை இந்தப் பணிநிறைவு விழாவில் வாசிக்கப்போவதில்லை. ஒரு பிழையைச் சொல்லப்போகிறோம். அது எங்கள் எல்லோருடையதும்; தாங்கள் மட்டுமே அதைத் தங்களுடையதென்று ஏற்றீர்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ராணியம்மாள் என்ற இளம்பெண்ணுக்குச் சினைப்பைப் புற்றுக்காகக் கர்ப்பப்பையும் இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. கையெழுத்திட்டவர் கணவர், வழக்கம் அப்படி. பிழைத்தெழுந்த ராணியம்மாள் நான்கு மாதம் கழித்து வந்து, மாதவிலக்கு மறுபடி எப்போது வரும் என்று தங்களிடம் கேட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றுமுதல், அறுவைக்கு முன் உடன்வந்தவர்களை எல்லாம் டீ குடித்து வரச் சொல்வீர்கள். அவர்கள் திரும்புவதற்குள் கட்டிலோரம் அமர்ந்து, எதை எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லி, உனக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்பீர்கள். கேன்டீன் அஜித்குமார் தங்களுக்குத்தான் மாலை போட வேண்டும் என்று நாங்கள் கேலி பேசினோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்த மகேஸ்வரிக்கு வயது இருபத்து மூன்று, மணமாகி ஓராண்டு. ஒரு சினைப்பையில் புற்றுக்கட்டி. எல்லாவற்றையும் எடுத்துவிடக் கணவர் முருகவேல் சம்மதித்திருந்தார். மாமியாரோ டீக்குப் போகவே மறுத்தார்.

"உசுரு நின்னா போதுங்க. அவளக் கேட்டு இன்னா ஆவப்போவுது?"

"உசுரு அவளோடதுதானேம்மா, ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். நீங்க போங்க, சக்கரை கம்மியா போடச் சொல்லிக்கிறேன்" என்றீர்கள்.

மாமியார் வெளியே போனதும் மகேஸ்வரியிடம் கேட்டீர்கள். அவர் சொன்னார்: "நோவும் போவணும், புள்ளையும் வேணுங்க. ரெண்டும் கேட்டா பேராசைம்பாங்க."

தாங்கள் வாக்குறுதி எதுவும் தரவில்லை. அந்தச் சொற்களை அப்படியே எழுதி மருத்துவர் தமிழரசன் மேசையில் வைத்தீர்கள். அவர் முதலில் சினந்தார். பிறகு ஸ்கேன் படங்களை மீண்டும் பார்த்தார், சென்னை வல்லுநர்களைக் கலந்தார். நோய் பரவாததால் கட்டியுள்ள சினைப்பையை மட்டும் எடுக்கலாம், ஆனால் நோய் திரும்பும் அபாயம் உண்டு, பரிசோதனைக்குத் தவறாமல் வரவேண்டும் என்று மகேஸ்வரியிடமே விளக்கி, அவரிடமே கையெழுத்து வாங்கினார். பரிசோதனை நாளில் மலைப்பேருந்தைத் தவறவிட்டால் முருகவேலைப் போனில் திட்டியவர் தாங்கள்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. எடுத்தே தீரவேண்டியவர்களிடமும் கேட்டீர்கள். அவர்கள் அழுது முடிக்கும்வரை உறவினர் இரண்டாவது டீ குடித்தார்கள்.

மகேஸ்வரிக்கு இப்போது ஏழாம் மாதம். மலைப்பாதை குலுக்கும் என்று தாங்களே தடுத்ததால் அவர் வரவில்லை. மாமியார் சாமை மூட்டையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

நின்றே தேய்ந்த கால்கள் நிம்மதி காணட்டும். நலமும் நெடுவாழ்வும் தங்களை நாடி வரட்டும்! ஒன்றை மட்டும் தெரிவித்து விடைதருகிறோம். நான்காம் கட்டிலில் நேற்று பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் சேர்ந்தார். இன்று காலை அவருடைய உறவினர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டோம்.

தங்கள் அன்பில் நனைந்த,
மருத்துவர் தமிழரசன், செவிலியர் ராதிகா, கேன்டீன் அஜித்குமார்
மற்றும் பிரிவுப் பணியாளர்கள்,
கள்ளக்குறிச்சி.