விளக்கத்தில் உள்ளபடியே

பொருளில் கீறல் இருந்தால் நான் முதலில் போட்டோ எடுப்பது கீறலைத்தான், சார். கடைக்கு வருகிறவர் தொட்டுத் தட்டிப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் வாங்குகிறவருக்கு நான் எழுதும் விளக்கம்தான் கண். "இவ்வளவு யோக்கியர், உங்க குறட்டையைப் பத்தியும் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்பாள் என் மனைவி. பழம்பொருள் வியாபாரத்தில் பதினெட்டு வருஷம், ஒரு புகார் கிடையாது.

இந்தச் சுவர்க்கடிகாரத்தில்தான் கோட்டை விட்டேன். ஒரு தையல்காரர் விற்றுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தது. அவசரத்தில் பழைய விளம்பரம் ஒன்றை எடுத்துப் பொருளை மட்டும் மாற்றிப் போட்டேன். கடைசி வரிகள் அப்படியே தங்கிவிட்டன: 'உரிமையாளர் இறக்கும் நாள்வரை தம் கையாலேயே சாவி கொடுத்தது. இப்போது அவர் இல்லை.' நான் கவனிப்பதற்குள் விற்றுவிட்டது. விற்றபின் விளக்கத்தைத் திருத்த அந்தத் தளத்தில் வழி கிடையாது.

வாங்கிய அம்மா போன் செய்தார். "அந்த வரியைப் படிச்சு அழுதுட்டேங்க. ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து எடுத்துக்கறேன்." உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் நான் பொய் எழுதினேன் என்றாகிவிடாதா?

புதன்கிழமை காலையில் தையல்காரர் சாவியோடு வந்து நின்றார். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். "எட்டுச் சுத்துக்கு மேல போனா ஸ்பிரிங் போயிடும் தம்பி. ஞாயித்துக்கிழமை நானும் வந்து அந்தம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துடறேன்."

"வேண்டாம்ணே" என்று மூன்று தடவை சொன்னேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மனுஷன் கேட்கவில்லை. தங்கமான ஆள், அதுதான் தொல்லை.

"சரிண்ணே, இன்னிக்கும் நீங்களே சாவி கொடுத்துடுங்க" என்றேன். இறக்கும் நாள்வரை என்று எழுதியிருக்கிறதே. கடிகாரம் மாடிப்படிக்கு மேலே உயரத்தில் மாட்டியிருந்தது. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். எட்டு முடியும்வரை காத்திருந்தேன். பாதியில் விட்டால் கடிகாரம் ஒழுங்காக ஓடாது.

அந்த அம்மா ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். விளக்கத்தில் உள்ளபடியே இருக்கிறதாம்.

உங்கள் தாளில், 'ஏணி வழுக்கித் தவறி விழுந்தார்' என்று இருக்கிறது. நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் அதில் கையெழுத்துப் போட முடியாது. ஏணி வழுக்கவில்லை. நான் இழுத்தேன். அந்த வரியைத் திருத்திவிடுங்கள், சார். திருத்த உங்களுக்காவது வழி இருக்கிறது. அந்த வசதி எனக்கு இருந்திருந்தால் அண்ணன் இன்றைக்கும் ஜம்மென்று தைத்துக்கொண்டிருப்பார்.