கால் படாத ஓட்டோமான்

காரைக்கால் பேருந்து நிலையத்தில், திருநள்ளாறு பஸ்ஸில் ஏறி, அது கிளம்பக் காத்து உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றே விற்பவர்கள். இளையவள் செருப்பைக் கழற்றிக் கணுக்காலைப் பிடித்துவிட்டபடி சொன்னாள்:

"ஓட்டோமான் வாங்குனதுலேருந்து கால்வலி கூடிப்போச்சுக்கா."

"ஏன்டி, கால் நீட்டிக்கத்தானே அந்த மெத்தை ஸ்டூலு?"

"அதுக்குத்தான் அழுக்கு தெரியாம காப்பிக் கலரா பாத்து எடுத்தேன். சோபா முன்னாடி போட்டு கால நீட்டுனா, நேரா மாமனார் படம். மாமியார் ஒரே அழுகை. சோபாவையும் சேத்து தெக்கால திருப்புனேன், பூஜை ரூம். வடக்கால திருப்புனேன், வாசல். வர்றவங்க மூஞ்சிக்கு நேரா கால நீட்டுவியாங்கறாரு எங்க வீட்டுக்காரரு."

"அப்பறம் எங்கதான் போட்ட?"

"மாமனார் படத்துக்குக் கீழ. மாமியார் அது மேல மஞ்சத் துணி விரிச்சு பூத்தட்டு வைக்கிறாங்க."

"அப்ப ஒன் காலு?"

"தரையிலதான். நேத்து வீடு பெருக்கறப்ப மட்டும் தெரியாம அதுல பட்டுருச்சு."

"பட்டா என்ன?"

"பயந்துபோயி, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேங்க்கா."