கீழறையில் சொன்ன நன்றி

டீ நன்றாக இருக்கிறது, பாஷா. நன்றி. சர்க்கரையும் அளவாக இருக்கிறது. பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன், அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. டீ கொண்டுவந்த காவலரிடமும் சொன்னேன். அவர் திடுக்கிட்டுப் போய் உங்களைப் பார்த்தார். பாவம், இந்தக் காவல் நிலையத்திலும் அந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. முதலிலிருந்து கேட்டால் போதும். நடுவிலிருந்து கேட்டால் என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் தவ்ஹீதா. குழாய்ப் பழுதுப் புகார்களை வாங்கும் அலுவலகம் எங்களுடையது, மொஹர்ரம் பே பகுதியில், டிராம் பாதைக்குப் பின்னால். நாங்கள் நான்கு பேர். பிரிவுத் தலைவர் உஸ்தாத் ஷவ்கி. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், தொலைபேசியில் வசை வாங்கினால் அதைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுபவர். அடுத்தது மதாம் கமீலியா. சர்க்கரை நோய்க்காரி, ஆனாலும் அலெக்சாந்திரியாவிலேயே சிறந்த பெருநாள் கஹ்க் பலகாரம் சுடுகிறவள். அப்புறம் கிர்கிஸ், கிறிஸ்தவர், ஆனாலும் ரமலான் முழுக்க எங்கள் முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நல்லவர்கள். நான் அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெருநாளுக்கு முந்தைய கடைசி வேலை நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொருவரும் வீட்டில் சுட்ட கஹ்க்கை ஒரு தட்டில் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். நோன்பு நாள், அங்கே தின்ன முடியாது. வீட்டுக்கு எடுத்துப்போய்த் தின்ன வேண்டும். உஸ்தாத் ஷவ்கி எழுந்து, "எல்லாருக்கும் நன்றி, எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து, ஜன்னலைச் சாத்துங்க" என்பார். நன்றியும் ஜன்னலும் ஒரே மூச்சில் வரும். அப்புறம் கமீலியாவின் தட்டைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு ஒரு குறையும் வராம இருக்கணும் தாயி" என்பார். கிர்கிஸ் அதையே இன்னும் நீட்டிச் சொல்வார். என் தட்டு வரும்போது, "அங்க வச்சிடுங்க மதாம்" என்பார்கள். ஒரு வருஷம் என் கஹ்க்கை வாசல் காவலர் பஷந்தி புறாக்களுக்கு உதிர்த்துப் போடுவதைப் பார்த்தேன். புறாக்கள் சாப்பிட்டன. அவை ஒன்றும் சொல்லவில்லை என்பது வேறு.

நான் நன்றிக்கு அலைகிறவள் இல்லை, பாஷா. கூட வேலை பார்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் மனசாரச் சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். என்னிடமிருந்து தொடங்கினால் பழக்கமாகிவிடும் என்று நினைத்தேன்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு நாள் கமீலியாவின் மூக்குக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அவள் காலையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு புகார்களைத் தப்புத் தப்பாகப் பதிந்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "தவ்ஹீதா, என் கண்ணே நீதான்டி" என்றாள். சாயங்காலம் வரை அவள் முகத்தில் அந்தக் கனிவு இருந்தது. அது அவளுக்கு அழகாகவும் இருந்தது. அதனால் அடுத்த வாரம் கண்ணாடி மறுபடியும் காணாமல் போயிற்று, நான் மறுபடியும் கண்டுபிடித்தேன். மூன்றாவது தடவை அவள் வெறுமனே தலையை ஆட்டினாள். சின்ன உதவிக்குப் பழகிப்போய்விடுகிறார்கள்; அது மனித இயல்பு.

அப்புறம் லிஃப்ட். மின்சாரப் பெட்டி எங்கள் மாடிப் படிக்கட்டில்தான் இருக்கிறது, பூட்டு கிடையாது. கிர்கிஸ் உள்ளே இருந்தபோது மின்சாரம் நின்றது. அவர் ஏதோ ஒரு புனிதரின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் ஒரு காப்பி போட்டுக் குடித்து முடித்தபின் சுவிட்சைத் தூக்கினேன். வெளியே வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டார். "நீங்க எனக்குத் தாய் மாதிரி மதாம்" என்றார். அவருக்கும் எனக்கும் அப்படி ஒன்றும் வயசு வித்தியாசம் இல்லை, ஆனால் நான் பொருட்படுத்தவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அதற்கடுத்த வாரம் படியேற ஆரம்பித்தார், நாற்காலியையும் மறந்தார்.

இப்போது நீங்கள் கேட்க விரும்புகிற இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே பழைய குழாய் வரைபடங்கள் வைக்கிற ஒரு அறை இருக்கிறது. இரும்புக் கதவு, பூட்டு வெளிப்பக்கம். கைபேசிக்கு அங்கே சிக்னலே கிடையாது. ஆனால் குளுமையான இடம். கஹ்க் தட்டுகளைக் காலையில் அங்கேதான் வைப்போம், எறும்பும் வெயிலும் அண்டாது. ரமலானில் இரண்டு மணிக்கு அலுவலகம் முடியும். எல்லாரும் தட்டுகளை எடுக்கக் கீழே போனார்கள். "நான் மின்விசிறிய நிறுத்திட்டு வர்றேன்" என்றேன். நிறுத்தினேன். அப்புறம் கீழே போய்க் கதவைச் சாத்திப் பூட்டினேன். பஷந்தியைப் பெருநாளுக்கு ஊருக்கு அனுப்பி வைத்திருந்தேன். அவரும் நன்றி சொன்னார், சொல்ல மறந்துவிட்டேன்.

என் யோசனையில் கெட்டது ஒன்றுமில்லை. நோன்பு திறக்க மாலை பாங்கு சொன்னதும் நான் கதவைத் திறப்பேன். பகல் முழுக்க நோன்பிருந்து, தொண்டை காய்ந்து, சுற்றிலும் மாவும் நெய்யுமான வறட்டுப் பலகாரம் மட்டும் இருக்கிற நேரத்தில் நான் குளிர்ந்த ஆப்ரிகாட் பழச் சாற்றோடு வாசலில் நிற்பேன். யாராக இருந்தாலும் மனம் இளகும். இளகிய மனம் பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கும். பெருநாள் பிறக்கும்போது எங்கள் அலுவலகம் வேறு அலுவலகமாக இருக்கும். கமீலியாவின் மாத்திரைகள் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றையும் மறக்காமல் என் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வேறு யார் அவ்வளவு யோசிப்பார்கள், சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போய்க் குளித்தேன். உலர்ந்த ஆப்ரிகாட்டை ஊறவைத்துக் கரைத்து, பன்னீர் இரண்டு சொட்டு விட்டு, பனிக்கட்டி போட்டுக் குடுவையில் ஊற்றினேன். பாங்கு சொல்லும்போது கீழறைப் படியில் இருந்தேன். சாவி கையில் இருந்தது. பூட்டில் நுழைக்கப் போனேன், உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கதவருகே காதை வைத்தேன். ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை, ஆனால் சரியான நேரத்தில் திறக்க வேண்டுமே.

உஸ்தாத் ஷவ்கியின் குரல் உடைந்திருந்தது. "கமீலியா, என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடந்தப்ப என் வேலையெல்லாம் நீதான பாத்த. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? கல்லு மாதிரி இருந்தேன். இப்பச் சொல்றேன் தாயி, நீ இல்லன்னா அன்னைக்கு நான் உடைஞ்சு போயிருப்பேன்."

"ஐயோ உஸ்தாத், அழாதீங்க. இருக்கிற தண்ணியும் போயிடும்" என்றாள் கமீலியா. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "என் பையன் பரீட்சைல தோத்தப்ப கிர்கிஸ்தான் தினம் வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாரு. அவன் இன்னைக்கு இன்ஜினியரு. நான் உங்களுக்கு ஒரு டீகூட ஒழுங்காக் கொடுத்ததில்ல கிர்கிஸ்."

"நீங்க கொடுத்த கஹ்க்க எங்கம்மா சாகற அன்னைக்குக்கூடக் கேட்டாங்க மதாம்" என்றார் கிர்கிஸ். "அப்புறம் நம்ம பஷந்தி. குளிர் காலத்துல என் பைக்க உதைச்சு உதைச்சுக் கிளப்பித் தருவாரே, அவருக்கு யாரு நன்றி சொன்னா?"

நான் எதற்காக அத்தனை பாடுபட்டேனோ அது உள்ளே நடந்துகொண்டிருந்தது, பாஷா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெயர் வரட்டும், திறக்கலாம் என்று காத்திருந்தேன். பஷந்தியின் பெயர் வந்தது. டீக்கடைக்காரர் பெயர் வந்தது. மாதம் ஒருமுறை வந்து அழுக்குத் துடைப்பத்தோடு போகிற பெண்ணின் பெயர்கூட வந்தது. படிக்கட்டு குளிர்ந்தது. குடுவையில் பனிக்கட்டி கரைந்தது.

கடைசியில் வந்தது.

"நல்லவேள, தவ்ஹீதா நம்மளோட மாட்டல" என்றாள் கமீலியா.

"அவ வெளில இருக்கிறதுதான் நல்லது. தேடிக்கிட்டு வருவா" என்றார் கிர்கிஸ்.

"வருவா" என்றார் உஸ்தாத் ஷவ்கி. "வந்து கதவத் தொறப்பா. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவளுக்கு நன்றி சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்கு நாம இங்கயே கிடந்துடலாம்."

மூவரும் சிரித்தார்கள். வெகு நேரம் சிரித்தார்கள். கமீலியாவுக்கு விக்கல் வந்தது. அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

நான் கோபப்படவில்லை. அவர்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே இருக்கிறோம் என்று. மற்றவர்கள் விருப்பத்தை மதிக்கிறவள் நான். படியில் உட்கார்ந்து ஆப்ரிகாட் சாறு முழுவதையும் நானே குடித்தேன். கொஞ்சம் இனிப்பு தூக்கலாக இருந்தது, கமீலியாவுக்கு ஒத்துக்கொண்டிருக்காது. அதுவும் நல்லதற்குத்தான்.

வீட்டுக்காரர்கள் கவலைப்படுவார்களே என்ற எண்ணம் எனக்கு உடனே வந்தது. மேலே போய் அலுவலகத் தொலைபேசியிலிருந்து மூன்று வீடுகளுக்கும் நானே பேசினேன். ரஷீத் ஊரில் பெரிய குழாய் வெடித்துவிட்டது, எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பெருநாள் தொழுகைக்கு அப்புறம்தான் வருவார்கள் என்றேன். உஸ்தாத் ஷவ்கியின் மனைவி, "உசுரே போயிடுச்சு அக்கா. நீங்க ஒருத்தராவது எங்கள நெனச்சீங்களே, கடவுள் உங்கள நல்லா வச்சிருக்கணும்" என்றாள். கமீலியாவின் மகன், அந்த இன்ஜினியர், "ரொம்ப நன்றிங்க ஆன்ட்டி" என்று இரண்டு தடவை சொன்னான். கிர்கிஸின் தங்கை நன்றி சொல்லி அழுதேவிட்டாள். மூன்று வீடு, மூன்றும் நல்ல, மனசு நிறைந்த நன்றி. அந்த நோன்பு மாதத்தில் நான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

விடுமுறை முழுக்க அப்படியே விட்டுவிட நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. பெருநாள் காலையில் எல்லார் மனமும் மென்மையாக இருக்கும், அப்போது திறக்கலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கும் அவர்கள் அதே மாதிரி பேசிக்கொண்டிருந்தால் அடுத்த நாள். நான் பிடிவாதக்காரி இல்லை.

புது உடுப்பு போட்டுக்கொண்டு, சாவியோடு போனேன். வாசலில் கூட்டம். உஸ்தாத் ஷவ்கியின் மருமகன் ரஷீதுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறான். அங்கே குழாய் ஒன்றும் வெடிக்கவில்லை. சந்தேகம் வந்து அலுவலகத்துக்கே தேடி வந்தவன், கீழறையிலிருந்து சத்தம் கேட்டதும் தெருமுனை மெக்கானிக் ஒருவனைக் கடப்பாரையோடு அழைத்துவந்து கதவை உடைத்துவிட்டான். மூன்று பேரும் நடைபாதையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கமீலியாவை இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி வந்துகொண்டிருந்தது. அவள் பிழைத்துவிட்டாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நன்றி.

எனக்கு வருத்தம் தந்தது அந்த மெக்கானிக்தான். யாரென்றே தெரியாதவன். உஸ்தாத் ஷவ்கி அவன் நெற்றியில் முத்தமிடுகிறார். கிர்கிஸ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். கமீலியா நினைவு தப்புகிற நிலையிலும், "அந்தக் கைக்கு ஒரு குறையும் வராம இருக்கணும்" என்கிறாள். அவன் என்ன செய்தான்? ஒரு கதவை உடைத்தான். அரசாங்கக் கதவு. அவர்கள் மனம் விட்டுப் பேச ஒரு இடம் அமைத்துக் கொடுத்தது அவனா? மாத்திரையைப் பற்றி யோசித்தது அவனா?

அதனால்தான் முன்னே போனேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, பாஷா; நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. நானே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சாவியை எடுத்துக் காட்டினேன். "கதவ உடைச்சிருக்க வேண்டாமே, நான்தான் சாவியக் கொண்டு வந்துட்டேன்ல" என்றேன். கமீலியாவின் மாத்திரைகளையும் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அப்படியே அடங்கிவிட்டார்கள். உஸ்தாத் ஷவ்கி கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். கிர்கிஸ் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். கமீலியாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது. இத்தனை வருஷத்தில் மூன்று பேரும் சேர்ந்து என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

இதில் நீங்கள் விசாரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நன்றி அளவுக்கு மீறிப் போய்விட்டால் யாருக்கும் வார்த்தை வராது, பாஷா.