விற்ற வண்டியைத் தொடக்கூடாது

எங்கள் பக்கத்தில் நல்ல வண்டி செய்யத் தெரிந்தவனிடம் நல்ல வண்டி தங்குவதில்லை. சரளைத் தடத்தில் நடக்கும் எங்கள் கார்ப் பந்தயத்தின் விதியே அப்படி. பந்தயம் முடிந்ததும், ஓடிய கார்கள் எல்லாம் ஒரே விலைக்கு விற்பனைக்கு வந்துவிடும். பந்தய உரிமம் உள்ள எவரும் சீட்டெழுதிப் போடலாம். பலர் கேட்டால் குலுக்கல். தர மாட்டேன் என்றால் நம் உரிமம் பறிபோகும். யாரும் காரில் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது என்று ஸ்வீடனின் பெரிய மனிதர்கள் கூடி யோசித்த ஏற்பாடு. நான் விதிகளை மதிக்கிறவன். ஆகவே மூன்று கோடைகளாக என் வண்டிகளை தூரே பெர்க்விஸ்டுக்குத் தாரைவார்த்து வந்தேன்.

தூரே மரமறுக்கும் ஆலைக்காரன். என்ஜினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது முன்பக்கம் இருக்கும் என்பதுதான். குலுக்கலில் மட்டும் அப்படியொரு ராசி. சாவியை வாங்கிக்கொண்டு என் தோளில் தட்டி, "அடுத்ததைச் சீக்கிரம் செய்யப்பா அல்வார், இது எனக்குச் சலிச்சுரும்" என்பான். எனக்கு வயிறு எரியும். சிரித்தபடி கை கொடுப்பேன்.

இந்த முறை அவனுக்கென்றே ஒரு வண்டி செய்தேன். அதில் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுப் பெட்டி ஒன்றை ஒளித்து வைத்தேன். எங்கள் பந்தயத்தில் அதற்குத் தடை உண்டு. விதிகளை மதிக்கிறவனுக்கும் ஒரு சின்னச் சலுகை வேண்டாமா? சக்கரம் வழுக்கினால் பெட்டி, என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தும், வண்டி ஒழுங்காகத் திரும்பும். சிக்கல் என்னவென்றால், இன்ஜெக்டர்களில் இரண்டு ரகம். என் வண்டியில் இருந்தது மின்சாரத்தை அதிகமாக இழுக்கும் ரகம். பெட்டியோ மற்ற ரகத்துக்குச் செய்தது. நடுவே மின்சாரத்தை மட்டுப்படுத்தும் நான்கு ரெசிஸ்டர்களைப் போட்டால் இரண்டும் சமாதானமாகப் போகும். போடாவிட்டால் பெட்டி சூடேறிக்கொண்டே வந்து கருகும். கருகினால் என்ஜின் அந்த இடத்திலேயே அணையும்.

ரெசிஸ்டர்களோடு ஓட்டி நான் ஜெயித்தேன். எல்லாரும் தொத்திறைச்சி வாங்க வரிசையில் நின்றபோது அந்த நான்கையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்பிகளை நேரடியாக ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். இனி வண்டி எப்போது வேண்டுமானாலும் வளைவின் நடுவே நிற்கும். பின்னால் ஐந்து கார்கள் வரும். தூரேவுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

குலுக்கலில் தூரேவின் பெயர் வரவில்லை. என் மனைவி இங்கெலாவின் பெயர் வந்தது. எனக்குத் தெரியாமல் குளிர்காலம் முழுவதும் பழகி உரிமம் எடுத்திருக்கிறாள், என் வண்டியை எனக்கே மீட்டுத் தர. ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இந்தத் தடவை வண்டி நம்ம வீட்டுக்கே வருது, பாத்தியா" என்றாள். ரெசிஸ்டர்கள் அவள் மார்பில் குத்தியிருக்க வேண்டும். பையில் என்ன என்று கேட்டாள். பழைய ஆணி என்றேன்.

அன்றே திருப்பிப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போடத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அவள் அடுத்த சனிக்கிழமை பெண்கள் பந்தயத்தில் தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டாள். நடுவில் ஒருநாள் பழகப் போனோம். நான் ஓட்டியதைவிட வேகமாக ஓட்டினாள். தூரே வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி இப்பதான்யா ஓட்டத் தெரிஞ்ச கைக்குப் போயிருக்கு" என்றான்.

இங்கெலா சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "என் வண்டி, என் வண்டி" என்றே பேசிக்கொண்டு வந்தாள். நான் சாலையைப் பார்த்தபடி ஓட்டினேன். விற்ற வண்டியில் பழைய சொந்தக்காரன் கை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கேட்டாள்: "இந்த வண்டியில நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா அல்வார்?"

"ஒண்ணுமில்ல, மிதிச்சு ஓட்டு" என்றேன்.

பெட்டி நான் நினைத்ததைவிட நன்றாகத்தான் உழைத்தது. கடைசிச் சுற்று வரை தாங்கியது. இரண்டாம் வளைவில் முன்னணியில் இருந்தாள். என்ஜின் அணைந்தது, வண்டி குறுக்கே திரும்பி நின்றது. முதலில் வந்த கார் அவள் கதவில் மோதியது. அடுத்ததும் அங்கேயே மோதியது. அடக்கம் முடிந்துவிட்டது. தேவாலயத்தில் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்தார்கள்; தூரே தேம்பித் தேம்பி அழுதான்.

நொறுங்கிய வண்டிக்கும் விதி உண்டே. அதற்கும் தூரே சீட்டெழுதிப் போட்டான். வேறு யாரும் கேட்கவில்லை. அவளை எது கொன்றது என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்கினானாம். என்ஜின் தெரியாத மனிதன், ஒவ்வொரு திருகாகக் கழற்றிக் கருகிய பெட்டியைக் கண்டுபிடித்து இந்தக் காவல் நிலையத்தில் உங்கள் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

பெட்டியை வைத்தது நான். ரெசிஸ்டர்களைக் கழற்றியது நான். அவள் கேட்டபோது பொய் சொன்னதும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் எனக்காகச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: குலுக்கலுக்குப் பிறகு அந்த வண்டியை நான் விரலால்கூடத் தொடவில்லை.