அறிவித்தலில் நான் சேர்த்த மூன்று சொற்கள்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, மருத்துவ நிலையத்துத் தோழர்களே, விடுதிச் சமையலறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, மாணவச் செல்வங்களே!

நம் மருத்துவ நிலையத் தாதி ஞானமலர் அம்மையாரைப் பற்றிப் பேச உதவிப் பதிவாளனாகிய எனக்கு என்ன தகுதி? நான் செய்த ஒரு பிழையை ஒப்புக்கொள்ளும் தகுதி மட்டும்தான்.

ஷெல் சத்தத்துக்கு நடுவே நாம் விரிவுரை நடத்திய 2006ஆம் ஆண்டு அது. கல்லடியிலிருந்து பஸ்ஸில் வரும் அம்மையாரின் பையைச் சோதனைச் சாவடியில் கொட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கருப்பைப் படம் போட்ட துண்டுப்பிரசுரங்கள். இது எந்த ஊர் வரைபடம் என்று ஒரு சிப்பாய் கேட்டானாம். “நீயும் நானும் வந்த ஊர்” என்று உடைந்த சிங்களத்தில் சொன்னாராம். அந்தச் சிப்பாயே பையை அடுக்கிக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இனி எங்கே கேட்பேன்?

ஹியூமன் பப்பிலோமா வைரஸ் என்ற பெயரை இந்த வளாகத்தில் முதலில் உச்சரித்தவர் அவர். அது உடலுறவால் தொற்றி, சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கி, கருப்பைக் கழுத்தில் புற்றுநோயை உண்டாக்கலாம், நேரத்தோடு பரிசோதித்தால் தப்பலாம் என்று சொல்ல ஒரு கூட்டம் வைத்தார். அறிவித்தலைத் தட்டச்சு செய்தவன் நான். பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்று பயந்து, அடியில் மூன்று சொற்கள் சேர்த்தேன்: “திருமணமான பெண்களுக்கு மட்டும்.”

நான்கு பேர் வந்தார்கள். ஒரு மாணவிகூட வரவில்லை.

அம்மையார் என் மேசைக்கு வந்தார். “ஏன் சேர், இந்த வைரஸ் உங்கட அறிவித்தல வாசிச்சிட்டா வருது?” என்றார். பிறகு என்னை விடுதிச் சமையலறைக்கு அழைத்துப் போனார். அங்கே சமைக்கும், கிரான் ஊரைச் சேர்ந்த இராசாத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஏன் வரவில்லை என்று அம்மையார் கேட்டார்.

“வட்டைக்கு வயல் பாக்கப் போன மனிசன் பதினாறு வருசமாத் திரும்பி வரல்ல. நான் கலியாணமானவளா, தாலியறுத்தவளா எண்டு எனக்கே தெரியா மிஸி. எந்தக் கணக்கில நான் வாற?”

அம்மையார் திருவலையை வாங்கி மிச்சத் தேங்காயைத் துருவிக்கொண்டே அவருக்கு எல்லாம் விளக்கினார். அடுத்த வாரம் பரிசோதனைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார். நோயாக மாறுமுன்பே கண்டுபிடித்தார்கள். சிகிச்சையும் முடிந்தது. இராசாத்தி இதோ, மூன்றாம் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அம்மையார் இரண்டு ஆண்டுகள் விடுதி விடுதியாகப் போனார். “ஆம்பிளப் புள்ளையளிட்டயும் பேசவேணும் சேர், அவங்களுக்கும் இது தொத்தும்” என்று என்னையும் கூப்பிட்டார். வெட்கப்பட்டு, வேலை இருக்கிறது என்றேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியவர், மார்வலியால் நம்மை விட்டுப் போய்விட்டார்.

அன்பர்களே, வருகிற வியாழக்கிழமை அவர் குறித்துவைத்த கூட்டம் நடக்கும். அறிவித்தலை இன்று காலை நானே தட்டச்சு செய்தேன். அந்த மூன்று சொற்கள் அதில் இல்லை. மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் ஊழியர்களுக்கும் என்று இருக்கிறது. முதல் வரிசையில் நான் இருப்பேன்.

பிந்தித்தான் வாறன், மிஸி. ஆனா வாறன்.