அப்பா அடிக்கிற காற்று

அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றுக்குப் போகிற பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு இளம்பெண்கள் கைபேசியில் ரேஸ் சைக்கிள் ரயர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா அடிக்கிற காத்தைத் தாங்கிற ரயர் எது?" என்றாள் யன்னலோரத்தில் இருந்தவள்.

"உனக்கு ரியூப்லெஸ்தான் சரி," என்றாள் தோழி. "உள்ளுக்கை ரியூப் இல்லை. முள்ளுக் குத்தினாலும் உள்ளை விடுற ரப்பர் பால் ஓட்டையை அடைச்சுப்போடும். ஆனால் காத்தைக் குறைச்சு விடோணும். அப்பத்தான் எங்கடை ரோட்டிலை பறக்கும்."

"அவர் விடிய எழும்பி, பெருவிரலாலை அமத்திப் பாத்து, கல்லு மாதிரி அடிச்சு வைச்சிடுவார்."

"அடிக்க வேண்டாமெண்டு சொல்லன்."

யன்னலுக்கு வெளியே நீரேரியும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. யன்னலோரத்தில் இருந்தவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் ரேஸ் ஓடக்கூடாதெண்டு எவ்வளவு சண்டை பிடிச்ச மனிசன். இப்பவும் வாயாலை ஓமெண்டு சொல்லேல்லை. காத்து மட்டும் அடிச்சு வைக்கிறார்."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"அந்தக் காத்தைத் தாங்கிற ரயரா வாங்குவன். சந்தி திரும்பினாப்பிறகு நிண்டு, கொஞ்சத்தைத் திறந்து விடுவன். வெளியிலை வாற காத்தைக் கன்னத்திலை பிடிச்சால் குளிரா இருக்கும்."