பனி மாதிரி கறுப்பு

— மூலத்துல அடுத்து எட்டு. 'ஆஸ் கூல் ஆஸ் எ குக்கும்பர்.' கடைசியில புள்ளி.

— சரி.

— ப்ரூஃப்ல டிக் போட்டாச்சா அக்கா?

— போட்டாச்சு, போட்டாச்சு. ஏம்ப்பா, ஒரு மனுஷன் பதறாம இருந்தா அவன் வெள்ளரிக்காயா?

— இங்கிலீஷ்காரனுக்கு அப்படித் தோணியிருக்கு. நாம என்ன பண்றது?

— நம்ம முதலாளியை எந்தக் காயோட சேர்க்கிறதாம்? காலையில அவரு மூஞ்சி...

— ஆமா, காலையில உங்களை மட்டும் கூப்பிட்டாரே. என்னவாம்?

— ஒன்பது படி.

— கேக்கறேன்ல?

— இந்தப் பக்கத்தை முடிப்போம்ப்பா. ஒன்பது படி.

— 'ஆஸ் பிரேவ் ஆஸ் எ லயன்.' புள்ளி.

— சிங்கம். சரி.

— பத்து. 'ஆஸ் ஸ்டபர்ன் ஆஸ் எ ம்யூல்.' கோவேறு கழுதை மாதிரி பிடிவாதம். உங்களை நேர்ல பார்த்துத்தான் எழுதியிருப்பாங்க.

— அடி வாங்கப் போற. பாப்பா எப்படி இருக்கா? சளி விட்டுச்சா?

— எங்க... ராத்திரியெல்லாம் தோள்லதான். மூணு மாசக் குழந்தைக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வருதோ.

— உன் பொண்டாட்டி எப்ப வேலைக்குத் திரும்பறா?

— அவ இடத்துக்குத்தான் வேற ஆள் எடுத்துட்டாங்களே. இப்போதைக்கு நான் ஒருத்தன்தான்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. பதினொண்ணு.

— பதினொண்ணு... 'ஆஸ் வைட் ஆஸ் ஸ்னோ.' பனி மாதிரி வெள்ளை. இந்தத் தடவையாவது பனிதான் இருக்கா? நல்லாப் பாருங்க அக்கா.

— இருக்கு, இருக்கு.

— பன்னெண்டு. 'ஆஸ் பிளாக் ஆஸ் கோல்.'

— கரி. சரி. இந்த ரெண்டு வரி நம்ம உயிரை எடுத்துருச்சு.

— போன பதிப்புல பனி கறுப்பு, கரி வெள்ளை. புள்ளைங்க அப்படியே மனப்பாடம் பண்ணி, பரீட்சையில எழுதி...

— நாலு பள்ளிக்கூடம் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிருச்சு. எத்தனை தடவைதான் சொல்லுவ!

— ஒரு அம்மா கீழே வந்து நின்னு சத்தம் போட்டாங்களே. 'உங்க புத்தகத்துல இருந்ததைத்தானே என் பொண்ணு எழுதுனா'ன்னு. அது என்னால மறக்க முடியல.

— என்னாலயும்தான் முடியல. விடு.

— முதலாளி நம்ம ரெண்டு நாற்காலியில ஒண்ணைத் தூக்கப் போறாருன்னு பைண்டிங்ல இன்னும் பேசிக்கிறாங்க.

— அவனுங்களுக்கு வேற வேலை என்ன?

— நிஜமா அக்கா? காலையில அதைப் பத்தியா பேசினாரு?

— தம்பி, பதிமூணு.

— 'ஆஸ் பிளைண்ட் ஆஸ் எ பேட்.' வௌவால் மாதிரி குருடு.

— ...

— அக்கா?

— சரி. டிக்.

— அக்கா... உங்க ப்ரூஃப் தலைகீழா இருக்கு.

— ஐயையோ, ஆமா பாரு. பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல... இரு, இரு. இந்தா, திருப்பிட்டேன்.

— நேராத்தான் இருந்துச்சு. இப்பதான் தலைகீழாத் திருப்பியிருக்கீங்க. எத்தனை நாளா அக்கா?

— என்னது எத்தனை நாளா? சும்மா விளையாடாத.

— டீ வைக்கிறவன் கிளாஸை எங்க வெச்சாலும் மேசையைத் தடவித்தான் எடுக்கறீங்க. நான் வரியை முடிச்சு மூச்சு விட்டப்புறம்தான் டிக் விழுது. அதுவும் வரிக்கு வெளிய விழுது.

— ... ஆறு மாசம்.

— சுத்தமாத் தெரியலையா?

— ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் கறுப்பா ஒரு திட்டு. உன்னைப் பார்த்தா ரெண்டு காதும் தெரியுது, மூஞ்சி இருக்கிற இடத்துல ஒண்ணுமில்ல. எழுத்தைப் பார்த்தா எழுத்து ஓடிப் போயிடுது.

— டாக்டர்கிட்ட?

— போனேன். பார்வை இனிமே குறையுமே தவிர கூடாதாம். ஒரு கண்ணாடி குடுத்தாரு. அதுவும் வேஷத்துக்குத்தான்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்றது? ப்ரூஃப் பார்க்கிறவளுக்குக் கண்ணு போச்சுன்னா மறுநாள் அந்த நாற்காலியில யாரு உட்கார விடுவாங்க? எனக்கு வேற என்ன தெரியும்? இருபத்தாறு வருஷமா எழுத்தைப் பார்த்தே வயித்தைக் கழுவிட்டேன். புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல.

— அப்போ... அந்தப் பனியும் கரியும்...

— எங்க தெரிஞ்சுது? நீ வாசிச்ச, நான் டிக் போட்டேன். ஆறு மாசமா உன் குரலை நம்பித்தான் ஓட்டுறேன்.

— ஐயோ... அப்படிச் சொல்லாதீங்க அக்கா.

— ஏன்? உண்மைதானே?

— அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு... இருங்க, நான் ஒண்ணு சொல்லணும். திட்டாம கேளுங்க.

— என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— அன்னைக்கு மெஷின்ல இருந்து ப்ரூஃபை எடுத்துட்டு வந்தது நான்தான்.

— தினமும் நீதானே எடுத்துட்டு வர?

— படியேறும்போது பார்த்தேன். அந்த ரெண்டு வரியிலயும் பனியும் கரியும் இடம் மாறியிருந்துச்சு. பார்த்துட்டு, சிரிச்சுட்டு, உங்க முன்னால வெச்சேன். மூலத்துல இருந்தபடி சரியாத்தான் படிச்சேன். வெள்ளைக்குப் பனி, கறுப்புக்குக் கரி. நீங்க பிடிக்கிறீங்களான்னு பார்த்தேன். உங்க கண்ணு மேல சந்தேகம். அதைத் தெரிஞ்சுக்கத்தான்... சத்தியமா, முதல்ல அதுக்குத்தான்.

— நான் டிக் போட்டேன்.

— ரெண்டுக்கும் போட்டீங்க.

— அப்ப ஏன்டா வாயைத் திறக்கல?

— திறக்கலாம்னுதான் இருந்தேன். அன்னைக்குத்தான் நாற்காலிப் பேச்சு காதுல விழுந்துச்சு. பாப்பா பொறந்து பத்து நாள். போறது உங்க நாற்காலியா இருந்தா நல்லதுன்னு... தோணிருச்சு அக்கா. அசிங்கம்தான். அச்சுக்குப் போறவரைக்கும் நாலு நாள் இருந்துச்சு. நாலு நாளும் உங்க எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன்.

— திடீர்னு எனக்கு ஒரு வெத்தலைப் பெட்டி வாங்கிக் குடுத்தியே, அந்த வாரமா?

— அந்த வாரம்தான். ஏதாவது சொல்லுங்க. செருப்பால கூட அடிங்க.

— என் பையைத் திற.

— எதுக்கு?

— திறடா. உள்ள ஒரு கவர் இருக்கும்.

— இருக்கு. முதலாளி எழுத்து. மேல... என் பேரு போட்டிருக்கே?

— காலையில குடுத்தாரு. உன்கிட்டக் குடுக்கச் சொல்லி.

— மணி அஞ்சாகப் போகுது. இவ்வளவு நேரம் பையிலயா வெச்சிருந்தீங்க?

— கை வரல. பிரிச்சுப் படி. வாய்விட்டுப் படி.

— 'போன பதிப்பில் நேர்ந்த பிழை குறித்து விசாரித்தேன்.' புள்ளி. 'வாசிப்பவர் சொல்வதை எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பது மட்டுமே திருத்துபவரின் வேலை', கமா, 'அர்த்தம் பார்ப்பது அவர் வேலை அல்ல.' புள்ளி.

— ம். படி.

— 'மூலத்தை நீங்கள் மாற்றிப் படித்ததே பிழைக்குக் காரணம் என்பது பட்டப்பகல் போலத் தெளிவாகிவிட்டது.' பட்டப்பகல் போலவா? என்ன அக்கா இது?

— நிறுத்தாத. முடி.

— 'நாளை முதல் நீங்கள் வேலைக்கு வர வேண்டாம்.' நான் மாத்திப் படிக்கலையே! தப்பு பண்ணேன்தான், ஆனா சரியாத்தானே படிச்சேன்? நான் என்ன படிச்சேன்னு இந்த மேசையில இருக்கிற நம்ம ரெண்டு பேரைத் தவிர எவனுக்குத் தெரியும்? அவருக்கு யாரு அக்கா போய்...

— நான்தான் சொன்னேன், தம்பி. 'அவன் மாத்திப் படிச்சான், நான் டிக் போட்டேன்'னு. கண்ணு தெரியலைன்னு சொல்லத்தான் மேலே போனேன்... வாயில உன் பேரு வந்துருச்சு. காலையில இருந்து உன் குழந்தையை நினைச்சு நினைச்சுச் செத்துக்கிட்டிருந்தேன். இப்ப நீ வேணும்னே விட்டேன்னு சொன்னியே... அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாயிருச்சுடா.